சின்னவளுக்கு கால் பேட் வாங்குகிறோம்

செப்டம்பர் 6, சனி

இந்த ஐஸ் ஹாக்கி சீசன் முழுக்க கோலில்தான் நிற்பேன் என்று சின்னவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். இதுவரை அணியில் மாறி மாறித்தான் நின்றார்கள். அணிக்குப் பொதுவாக ஒரு பை நிறைய சாமான் கிடக்கும், யார் முறையோ அவர்கள் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அது நல்ல ஏற்பாடு. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களில் நிரந்தர கோல்கீப்பர் என்று ஒருவரை நிறுத்தாதீர்கள் என்று அமெரிக்க ஹாக்கி அமைப்பான யுஎஸ்ஏ ஹாக்கியே சொல்கிறது. அந்த வயதில் ஸ்கேட்டிங் படிந்தால் போதும். இவளுக்கு இப்போது பத்து வயது. பொதுப் பையில் இருப்பது எதுவும் இவளுக்குச் சரியாக உட்காரவில்லை.

என்ன வாங்குவது என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள். பேட், அதாவது கோல்கீப்பர் காலில் கட்டும் தடித்த காப்பு. வெள்ளையில் நீலக் கோடு போட்டது. மாஸ்க், மார்புக் கவசம், ஸ்கேட் எல்லாம் பற்றிப் பேச்சே இல்லை. "அதெல்லாம் ஏதாவது ஒண்ணு வாங்கிக்கலாம்ப்பா."

செப்டம்பர் 7, ஞாயிறு

அளவெடுத்தேன். கால் பேடுக்கு ஸ்கேட்டைப் போட்டுக்கொண்டுதான் அளக்க வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலைச் செங்கோணமாக மடக்கி, பாதம் மடங்கும் இடத்திலிருந்து (ஸ்கேட்டின் கயிறு முடியும் வளைவு) முழங்கால் சில்லின் நடுப்புள்ளி வரை. இந்த ஒரு அளவுதான் முக்கியம். பாதத்தின் நீளம், தொடை நீளம் எல்லாம் அதற்கு அப்புறம்.

பேடில் 26+1, 28+1 என்று எண் போட்டிருப்பார்கள். முதல் எண் பேடின் அடிப்படை அளவு, அங்குலத்தில். கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பது முழங்காலுக்கு மேலே தொடையை மறைக்க எவ்வளவு கூடுதலாக எழும்புகிறது என்பது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு கம்பெனியின் 28-ம் இன்னொரு கம்பெனியின் 28-ம் ஒன்றல்ல. ஆளுக்கொரு அட்டவணை, ஆளுக்கொரு அளக்கும் முறை. எண்ணை வைத்து கடைக்குப் போகலாம், எண்ணை நம்பி வாங்க முடியாது.

இரண்டு காலையும் அளந்தேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடணுமே. அவளோ டேப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 10, புதன்

கோல்கீப்பர் பயிற்சியாளரிடம் பட்டியலைக் காட்டினேன். பேடை முதலில் எழுதியிருந்தேன். அவர் பேனாவை வாங்கி, மாஸ்க்கை மேலே ஏற்றி, ஸ்கேட்டை இரண்டாவதாக்கி, பேடைக் கீழே இறக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

செப்டம்பர் 13, சனி

மாஸ்க்.

பக் என்பது 3 அங்குல விட்டமும் 1 அங்குல தடிமனும் கொண்ட, ஸ்டிக்கால் அடிக்கும் கெட்டி ரப்பர் வட்டு. எடை 156 முதல் 170 கிராம். அடிப்பதற்கு முன் அதைக் குளிரூட்டி இன்னும் கல்லாக்கி வைப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 113 கிராம் அளவில் லேசான நீல பக் உண்டு; இவள் வயதுப் பிரிவில் இனி கறுப்புதான்.

இதை முகத்தில் எதுவும் இல்லாமல் பல பத்தாண்டுகள் எதிர்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்னமும் நம்ப முடியவில்லை. 1930-ல் கிளின்ட் பெனடிக்ட் என்ற கோல்கீப்பர் மூக்கு உடைந்ததால் கொஞ்ச நாள் தோல் மாஸ்க் போட்டுப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஆண்டி பாத்கேட் அடித்த பக் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டவர், மாஸ்க் இல்லாமல் திரும்ப இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். மாற்று கோல்கீப்பர் என்று உடை மாற்றி உட்கார்ந்திருக்கும் வழக்கம் அப்போது இல்லை, பயிற்சியாளர் ஒத்துக்கொண்டே ஆக வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் மாஸ்க் போடுவது கோழைத்தனம் என்ற பேச்சு மெல்ல அடங்கியது.

இவள் கேட்டது, டிவியில் பெரியவர்கள் போடுவது போல, கண்ணுக்கு நேரே அகலமான இடைவெளி விட்ட பூனைக்கண் கம்பி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, பார்வையும் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த இடைவெளியில் ஸ்டிக்கின் முனை நுழைந்துவிடும். பிள்ளைகளுக்கு அது ஆகாது. சான்று பெற்ற மாஸ்க்கில் கம்பிகள் நெருக்கமாக இருக்கும். அமெரிக்காவில் ஹெச்இசிசி, கனடாவில் சிஎஸ்ஏ, ஐரோப்பாவில் சிஇ முத்திரை. எந்த ஊரில் விளையாடுகிறோமோ அந்த ஊர் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தலையில் வைத்தேன்.

பொருந்துகிறதா என்று பார்ப்பது எளிது. தாடை அதன் குழியில் உட்கார வேண்டும். பின் தட்டை இறுக்கியபின் கம்பியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினால் தலையும் கூடவே வர வேண்டும். மாஸ்க் மட்டும் தனியாகத் திரும்பினால் அது பெரிது. கீழே பார்க்கச் சொன்னேன். காலடியில் கிடக்கும் பக் தெரியாவிட்டால் அந்த மாஸ்க்கால் பயனில்லை. ஒரு மாஸ்க்கில் கம்பி சரியாகக் கண்மணிக்கு நேரே வந்து நின்றது. அதைக் கழற்றி வைத்துவிட்டோம்.

"வளருவா, ஒரு சைஸ் கூட எடுங்க" என்ற பேச்சு கடையில் இங்கேயே ஆரம்பித்துவிட்டது. தலைக்குமா?

செப்டம்பர் 14, ஞாயிறு

கழுத்துக் காப்பு. யோசிக்க ஒன்றுமில்லை, வாங்கியாகிவிட்டது. 1989 மார்ச்சில் கிளின்ட் மலார்ச்சக் என்ற கோல்கீப்பரின் கழுத்து ரத்தக்குழாயை எதிரணி வீரரின் ஸ்கேட் வெட்டியது, அவர் பிழைத்தார். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அதேபோல் வெட்டுப்பட்ட ஆடம் ஜான்சன் என்ற வீரர் பிழைக்கவில்லை. அதற்குப் பின்தான் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு பெரியவர்களின் போட்டிகளிலும் இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம்.

மாஸ்க்கின் கீழே தொங்கும் கண்ணாடி போன்ற தகடு பக்கைத் தடுக்கும். பிளேடுக்கு அது போதாது. இரண்டும் வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

ஒருவழியாக பேட். காலையிலிருந்தே பறந்துகொண்டிருந்தாள்.

கடையில் தரை விரிப்பின் மேலேயே கட்டிப் பார்க்கலாம், ஸ்கேட்டுக்கு உறை மாட்டிக்கொண்டு. நின்று பார்த்தால் எந்த பேடும் நன்றாகத்தான் இருக்கும். முழங்காலை உள்பக்கமாக மடக்கி, இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்து விழுவது பட்டர்ஃப்ளை. அப்படி விழும்போதுதான் பேடின் குணம் தெரியும். பேடின் உள்பக்கத்தில் முழங்கால் வந்து இறங்குவதற்கென்று ஒரு மெத்தை இருக்கிறது. முழங்கால் அதன் நடுவில் விழ வேண்டும். அப்படி விழுந்தால் பேட் தானாகவே சுழன்று முகம் முன்னே திரும்பும், உள் ஓரம் தரையோடு படியும்.

முதலில் கடைக்காரர் எடுத்துத் தந்தது ஒரு அளவு கூடியது. விழுந்தாள். முழங்கால் மெத்தையின் கீழ் ஓரத்தில் இறங்கி வழுக்கியது. மேல் நுனிகள் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, ஒரு பேட் மற்றதன் மேல் ஏறிவிட்டது. எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. "அதிக இடம் மறைக்கும் பாருங்க" என்றார் கடைக்காரர். நின்றால் மறைக்கும், சரி. கோலின் வாய் 6 அடி அகலம், 4 அடி உயரம். பத்து வயதுப் பிள்ளை நின்ற இடத்திலேயே நின்று அதை மறைக்கவே முடியாது, எந்த பேட் கட்டினாலும். நகர்ந்துதான் மறைக்க வேண்டும். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லிலேயே 2005-ல் பேடின் அகலத்தை 12 அங்குலத்திலிருந்து 11-ஆகக் குறைத்துவிட்டார்கள். அப்புறம் உயரத்தையும் ஆளின் உடலளவோடு கட்டிப்போட்டார்கள்.

சரியான அளவில் அடிப்படை எண்ணை மாற்றாமல், தொடைப் பக்கம் மட்டும் ஒரு அங்குலம் எழும்பியது ஒன்று இருந்தது. வளருவதற்கு இடம் விட வேண்டுமென்றால் அங்கேதான் விடலாம். முழங்கால் இறங்கும் இடத்தில் விடக் கூடாது. அதைக் கட்டி விழுந்தாள். தட் என்று ஒரே சத்தம். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். பக்கத்தில் ஸ்டிக் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பழைய பேட்களைப் பற்றிக் கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். தோல் உறைக்குள் மிருக முடியை அடைத்தவை, ஆட்டம் முடிவதற்குள் தண்ணீர் குடித்து நனைந்த பஞ்சு மெத்தையாகக் கனக்குமாம். அதற்கும் முன்னால், 1896 பிப்ரவரியில், கனடாவின் வின்னிபெக் விக்டோரியாஸ் அணியின் மெரிட் என்ற கோல்கீப்பர் ஸ்டான்லி கோப்பை ஆட்டத்துக்கு வெள்ளை கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இதைக் கேட்டதும் எனக்கு என்னமோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம்.

நிறம்? சரியாகப் பொருந்தியது கறுப்பில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் "கறுப்பில பக் தெரியாது, அடிக்கிறவங்க குழம்பிடுவாங்க" என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மார்புக் கவசமும் கால்சட்டையும் சேர்த்தே போட்டுப் பார்க்க வேண்டிய ஜோடி. கவசத்தின் வயிற்றுப் பகுதி கால்சட்டையின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். இடையில் வெறும் தோல் தெரியக் கூடாது. முழங்கை மூடி முழங்கையில் இருக்க வேண்டும், முன்கையில் அல்ல. கவசத்தின் கை மணிக்கட்டு வரை வந்து கிளவுக்குள் (கையுறைக்குள்) நுழைய வேண்டும்.

இன்னொரு சோதனையை மனைவிதான் யோசித்தாள்: மாஸ்க்கையும் போட்டு மண்டியிடச் சொன்னாள். பெரிய கவசமாக இருந்தால் மண்டியிட்டதும் மொத்தமாக மேலே ஏறி, மாஸ்க்கின் தாடையை முட்டித் தலையைப் பின்னால் தள்ளும். முதலில் போட்டது அப்படித்தான் செய்தது. அடுத்ததில் இல்லை. இதில் கொஞ்சம் தளர்வு இருந்தால் பரவாயில்லை, பட்டைகளை இழுத்து இறுக்கிக்கொள்ளலாம்.

முழங்கால் உள்காப்பும் வாங்கினோம். விழும்போது பேடுக்கும் தொடைக்கும் நடுவே ஒரு சந்து திறக்கிறது. பக் அதைத்தான் தேடி வரும்.

செப்டம்பர் 27, சனி

கேட்சிங் கிளவ், பக்கைப் பிடிக்கும் கையுறை. இவள் வலது கையால் எறிபவள், ஆகவே கேட்சர் இடது கையில், ஸ்டிக்கும், பக்கைத் தட்டிவிடும் பலகை போன்ற பிளாக்கர் கிளவும் வலது கையில். இடது கைக்காரப் பிள்ளைகளுக்கு எதிர்ப்புறச் செட் தனியாக வரும். எல்லாக் கடையிலும் எடுத்த எடுப்பில் கிடைப்பதில்லை, சொல்லி வைக்க வேண்டியிருக்கும்.

புதிய கிளவ் எல்லாம் மரக்கட்டை. என் கையால் மூடிப் பார்த்து "நல்லாத்தானே மூடுது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவள் கைக்கு மூட வேண்டும். ஒரு டென்னிஸ் பந்தை உள்ளே போட்டு, கவிழ்த்து, விழாமல் பிடிக்கச் சொன்னேன். விலை கூடிய, பெரியவர்களுடையது போலவே செய்த சின்ன கிளவில் பந்து உருண்டு விழுந்துவிட்டது. கொஞ்சம் மலிவான, மெல்லிய ஒன்றில் நின்றது. மடங்கும் இடமும் கிளவுக்குக் கிளவ் மாறுகிறது: சிலது கட்டைவிரல் பக்கம் மடங்கும், சிலது விரல்கள் பக்கம். அவள் இயல்பாக எப்படிப் பிடிக்கிறாளோ அதற்கு ஒத்துப்போவதை எடுத்தோம்.

ராத்திரி கிளவுக்குள் பந்தை வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டேன். அவள் அண்ணன் தினமும் பந்து எறிந்து பழக்குவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான்.

அக்டோபர் 1, புதன்

ஸ்டிக்கில் பார்க்க வேண்டியது மொத்த நீளத்தை அல்ல, கீழே அகலமாக இருக்கும் துடுப்புப் பகுதியின் உயரத்தை. பிளாக்கர் கை அந்தப் பகுதி முடியும் இடத்தைப் பிடிக்கும். அது நீளமாக இருந்தால் கை மேலே தூக்கிக்கொள்ளும், முழங்கை வெளியே நீட்டும், அக்குளுக்குக் கீழே ஜன்னல் திறந்துவிடும். நின்றும் மண்டியிட்டும் பார்த்து, பிளேடு தரையில் தட்டையாகப் படிவதை வாங்கினோம். கலப்புப் பொருளில் செய்தது எடை குறைவு. பத்து வயதுக்கு நுரை அடைத்த மரமே போதும் என்பது என் கட்சி. அண்ணன் எதிர்க்கட்சி.

அக்டோபர் 4, சனி

ஸ்கேட். ஏற்கெனவே இருக்கும் சாதாரண ஸ்கேட்டோடு ஒரு சீசனை ஓட்டலாம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். ஆரம்பத்துக்கு அது தப்பில்லை. ஆனால் கோல்கீப்பர் ஸ்கேட்டின் பிளேடு நீளமானது, தட்டையானது. சாதாரணத்தில் 3 மில்லிமீட்டர் என்றால் இதில் பொதுவாக 4. பாதம் ஐஸுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும், அதனால் காலை நன்றாகச் சாய்த்தும் பக்கவாட்டில் உந்த முடியும். பக் பட்டாலும் தாங்கும். வாரம் முழுக்க நிற்கப் போகிறவள், வாங்கிவிட்டோம். குதிகால் உள்ளே ஆடவில்லை, விரல் நுனி லேசாக முனையைத் தொட்டது. கடையில் "ஒரு சைஸ் கூட" பாட்டு மீண்டும் ஒருமுறை.

அக்டோபர் 5, ஞாயிறு

வீட்டில் முழு உடுப்பு ஒத்திகை. கால்சட்டை, உள்காப்பு, ஸ்கேட், பேட், கழுத்துக் காப்பு, மார்புக் கவசம், ஜெர்சி, மாஸ்க், கடைசியாகக் கையுறைகள். குனிந்து கட்ட வேண்டியதையெல்லாம் கவசத்துக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்பதுதான் இந்த வரிசையின் சூட்சுமம்.

எல்லாம் மாட்டி முடித்து, பிளாக்கரையும் போட்டபின்: "அப்பா, பாத்ரூம்."

அக்டோபர் 11, சனி

ஐஸில் முதல் பயிற்சி. வலது பேட் விழும்போதெல்லாம் சரியாகத் திரும்பியது. இடது பேட் பாதி வழியில் நின்று, தரைக்கும் பேடுக்கும் நடுவே சந்து விட்டது; அதில் ஒன்றிரண்டு நுழைந்தும்விட்டன. பயிற்சியாளர் இடைவேளையில் குனிந்து பார்த்தார். பேடின் நுனியை ஸ்கேட்டோடு கட்டும் கயிறு இடது பக்கம் மிக இறுக்கமாக இருந்தது. அதைத் தளர்த்தி, கெண்டைக்கால் பட்டையையும் ஒரு ஓட்டை தள்ளித் தளர்த்திவிட்டார். பேட் காலை இறுகப் பிடித்துக்கொண்டால் சுழலவே சுழலாது. காலோடு சேர்ந்தும் இருக்க வேண்டும், தனியாகவும் திரும்ப வேண்டும். அதற்கப்புறம் இடது பக்கமும் படிந்தது.

கயிற்றில் அந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்து விரித்துப் போட்டாகிவிட்டது. பையிலேயே விட்டால் மறுநாள் நாற்றம் தாங்காது, நுரையும் சீக்கிரம் கெடும். கிளவை வாய் திறந்து நிறுத்த வேண்டும், மாஸ்க்கின் வியர்வைப் பட்டையைக் கழற்றித் தனியாக உலர்த்த வேண்டும். இதெல்லாம் அவள் வேலை என்று ஒப்பந்தம். பேடை மட்டும் உலர்த்திவிட்டுத் தூங்கிப்போனாள்.

டிசம்பரில் முழங்கால் அளவை மறுபடி எடுக்க வேண்டும். அண்ணனுக்கு இப்போது தன் ஸ்டிக் ரொம்பப் பழசாகத் தெரிகிறதாம்.