புட்டியின் பின்பக்கம்

மகளுக்கு முழங்கை மடிப்பில் அரிப்பு வந்தபோதுதான் துணி துவைக்கும் திரவத்தின் புட்டியை முதன்முதலாகத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பச்சை இலை, 'இயற்கை' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் 'நறுமணம்' என்று ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குள் பல வேதிப்பொருள்கள் ஒளிந்திருக்கலாம். வாசனைக்காகச் சேர்க்கும் லிமோனீன், லினலூல் இரண்டும் காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வரும். இத்தனைக்கும் இரண்டுமே செடிகளில் இருப்பவை! இயற்கை என்றாலே நல்லது என்று நம்புவதை அன்றோடு விட்டேன். வாசனையே சேர்க்காததற்கு மாறினோம். மூன்று வாரத்தில் சிவப்பு அடங்கியது.

அப்புறம் வீடு சுத்தம் செய்யும் திரவங்கள் இருந்த அலமாரியைக் காலி செய்தேன். குழாயில் படியும் வெள்ளைக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தால் இளகிவிடும். கூடவே சமையல் சோடாவும் போடச் சொல்வார்கள். வேண்டாம், ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். பளிங்குத் தரையில் வினிகர் படக்கூடாது, பளிங்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். பிளீச்சோடு வினிகரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

இப்போது அவளுக்குப் போர்வை தேடுகிறேன். 'ஆர்கானிக் பருத்தி' என்ற சொல் மட்டும் எனக்குப் போதாது. ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிகளுக்கான உலகத் தரச்சான்று) முத்திரை இருந்தால் இழையில் குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண்மையில் விளைந்தது. சாயத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.