பின்பக்கத்துக் கிரீச்

செப்டம்பர் 14, சனி

அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போய்விட்டுத் திரும்பும்போது, கேம்ப் ரோடு தாண்டி முதல் வேகத்தடையில் அந்தச் சத்தம் மறுபடி வந்தது. பழைய மரக்கட்டிலில் ஒருவர் புரண்டு படுத்தால் வருமே, அந்த மாதிரி நீளமான கிரீச். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. சொட்டு மருந்தோடு கண்ணை மூடிப் பின்சீட்டில் சாய்ந்திருந்த அப்பா, மூடிய கண்ணைத் திறக்காமலே "வலது பக்கம்மா" என்றார்.

வண்டி 1995-ஆம் வருட அம்பாசிடர், 1800 ஐஎஸ்இசட் பெட்ரோல். 1817 சிசி இசுசு என்ஜின், கியர் தரையில். அப்பா புதிதாக வாங்கியது. ஏழு வருடமாக நான் ஓட்டுகிறேன். ஏப்ரலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பின்பக்கச் சாக்கிள் புஷ் (ஸ்பிரிங்கின் பின்முனை தொங்கும் இடத்தில் வரும் ரப்பர்) எல்லாம் புதிதாகப் போட்டோம். இரண்டு மாதம் அமைதியாக இருந்தது, ஜூனில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. திரும்பக் கொண்டுபோனபோது ஸ்பிரிங் பட்டை முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்டை உடையவில்லை, வண்டி ஒருபக்கம் சாயவும் இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் வீண் செலவுதான்.

அதனால் வீட்டிலேயே பார்ப்பதென்று முடிவு. நடப்பதை நாள்வாரியாக இங்கே எழுதுகிறேன். அம்பாசிடர் தயாரிப்பு மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் நின்றது 2014 மே மாதம். இன்னும் வைத்திருப்பவர்களில் யாராவது ஒருவருக்கு இது உதவினால் போதும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று ஸ்பேனரைத் தொடவே இல்லை, கேட்க மட்டும் செய்தேன்.

அக்கா மகன் டிக்கியின் ஓரத்தில் கைவைத்து வண்டியை அமுக்கி அமுக்கி விட்டான், நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வெறும் வண்டியில் சத்தம் லேசாகத்தான் வந்தது. அப்பாவைப் பின்சீட்டில் வலது பக்கம் உட்காரவைத்ததும் நன்றாகக் கேட்டது. ஒரு மீட்டர் தோட்டத்துக் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வோர் இடமாக நகர்த்திப் பார்த்தேன். ஷாக் அப்சார்பரின் மேல்முனை, கீழ்முனை இரண்டும் அமைதி. வலது ஸ்பிரிங்கின் பின்முனைக்குப் போனதும் காதுக்குள்ளேயே கத்தியது.

இந்த வண்டியின் பின்பக்கம் எளிமையானது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை ஸ்பிரிங், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். நடுவில் யூ போல்ட்டால் ஆக்சிலோடு (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு) கட்டியிருக்கும். பட்டையின் இரு முனையிலும் உள்ள வளையம்தான் கண். முன்கண் பாடியோடு ஒரே போல்ட்டில் நிற்கும். பின்கண் மட்டும் சாக்கிள் என்ற ஊஞ்சலில் தொங்கும், ஏனென்றால் பாரம் ஏறும்போது வளைந்த பட்டை நிமிரும், நிமிர்ந்தால் நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது சாக்கிள். சாக்கிள் அசையும் இடத்தில் இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க ரப்பர் புஷ். ஆக, கத்துவதற்கு இரண்டே இடம்: ரப்பர், அல்லது ஒன்றின்மேல் ஒன்று உரசும் பட்டைகளின் நுனி.

செப்டம்பர் 19, வியாழன்

ராத்திரி ஒரு மணிநேரம் நல்ல மழை. காலையில் அலுவலகம் போகும் வழியில் ஏழு வேகத்தடை, ஒன்றில்கூடச் சத்தம் இல்லை. சாயங்காலம் வெயிலில் காய்ந்த வண்டியை எடுத்தேன், மூன்றாவது வேகத்தடையில் திரும்பி வந்துவிட்டது.

தண்ணீர் பட்டால் நிற்கிறது, காய்ந்தால் வருகிறது என்றால் பெரும்பாலும் இரும்பு எதுவும் உடையவில்லை. ஏதோ ஒன்று வறண்டு உரசுகிறது, அவ்வளவுதான். பெரிய நிம்மதி.

செப்டம்பர் 22, ஞாயிறு

மழை சொன்னதை வைத்து இன்று ஒரு சோதனை. துணிக்கு நீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டேன். முக்கியம், ஒரு நேரத்தில் ஓர் இடம் மட்டும்தான் நனைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நனைத்தால் சத்தம் நிற்கும், ஆனால் எதனால் நின்றது என்று தெரியாது.

முதலில் பட்டை நுனிகள். கிரீச் கொஞ்சம் மெலிந்தது, நிற்கவில்லை. அடுத்து முன்கண். மாற்றமே இல்லை. கடைசியாக வலது சாக்கிள், மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும். பத்து முறை அமுக்கினான் பையன், சத்தம் சுத்தமாக நின்றுபோனது. அப்பா பின்சீட்டிலிருந்து எட்டிப்பார்த்து, "நின்னுடுச்சா? அப்ப இறங்கட்டுமா?" என்றார்.

இந்த இடத்தில் பலர் செய்வது, கழிவு ஆயிலை எடுத்து எல்லாவற்றின் மேலும் ஊற்றுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஆயிலும் சாதாரணக் கிரீஸும் ரப்பரை ஊதவைத்துக் கொழகொழவென்று ஆக்கிவிடும். மேலே படியும் புழுதி உப்புத்தாள் மாதிரி பட்டையைத் தேய்க்கும். ஒரு வாரம் சத்தம் இருக்காது, பிறகு முன்பைவிட மோசமாக வரும்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி விடுமுறை. காலை ஆறரைக்கே ஆரம்பித்தேன்.

வண்டியைத் தூக்குவதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இது பின்சக்கரத்தால் ஓடும் வண்டி. ஹேண்ட்பிரேக் பிடிப்பதும் பின்சக்கரத்தைத்தான். பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால் கியர் போட்டிருந்தாலும் ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தாலும் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. ஆகவே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். சக்கர நட்டுகளைத் தரையிலேயே லேசாகத் தளர்த்திவிட்டு, ஆக்சிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்பிரிங்கின் முன்கண்ணுக்குச் சற்று முன்னால் பாடியின் அடிச்சட்டத்தில் இரண்டு ஸ்டாண்ட் வைத்தேன். செங்கல் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரங்களையும் பாடிக்கு அடியில் படுக்கவைத்தேன். ஜாக்கியை மெதுவாக இறக்கியதும் ஆக்சில் தொங்கி, ஸ்பிரிங்கின் பாரம் போய்விட்டது.

சாக்கிள் நட்டுகளுக்கு நேற்று ராத்திரியே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவைத்திருந்தேன். இடது பக்கம் சுலபமாக வந்தது. வலது மேல் நட்டு அசையவே இல்லை. சத்தம் கேட்டு மாடி வீட்டு மாமா இறங்கி வந்தார். அரசுப் பேருந்து டிப்போவில் ஸ்பிரிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "திருப்பாதம்மா, முதல்ல முடுக்கு" என்றார். கால் சுற்று முடுக்கினேன், டக்கென்று துரு விட்டது. அப்புறம் எதிர்ப்பக்கம் திருப்ப வந்துவிட்டது.

சாக்கிளின் வெளிப்பக்கத் தகட்டை எடுத்து, புஷ்ஷின் நடுவே போகும் இரும்புத் தண்டான பின்னைத் தட்டி வெளியேற்றி, புஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆறு மாதம் ஆன ரப்பர். ஒரு பாதி புதிதுபோல முழுசாக இருக்கிறது. மறுபாதியில் உள்வட்டம் கண்ணாடிபோல மினுங்குகிறது, அதன் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கிழிசல். விரலால் தடவினால் கண்மை மாதிரி கறுப்புத் தூள் ஒட்டுகிறது. ஒரே பக்கமாக முறுக்கியது அப்படியே தெரிந்தது.

மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஆகாசத்துல வச்சு முடுக்கியிருக்காங்க" என்றார். "வண்டி தரையில நிக்கிறப்பதான் கடைசி முடுக்கு முடுக்கணும். எங்க டிப்போவுல இத மீறினா வேலைய திரும்பச் செய்யச் சொல்லுவாங்க."

எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலக் கூடாது. பின்னை இறுகப் பிடித்துக்கொண்டு, தான் முறுகி, திரும்ப நிமிர வேண்டும். ஆக்சில் தொங்கும் நிலையில் நட்டை இறுக்கினால் அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கிய நொடியே ரப்பர் முறுகிப்போகும். சும்மா நிற்கும்போதும் முறுக்கிலேயே நிற்கும். பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் அமுங்கும்போது இன்னும் முறுகும், கிழியும். கிழிந்த பிறகு அந்தப் பின்னின் மேல் வழுக்கும். வழுக்கும் ரப்பர்தான் கத்துகிறது. ஏப்ரலில் போட்ட புஷ் தரமில்லாதது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். புஷ்ஷில் குறையே இல்லை.

அக்டோபர் 5, சனி

பழைய புஷ் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் எழும்பூர், அங்கிருந்து நடந்து புதுப்பேட்டை. பழைய பாகத்துக்கு அந்தத் தெருக்களைவிடப் பெரிய இடம் சென்னையில் எனக்குத் தெரியாது, ஆனால் ரப்பரைப் பழையதாக வாங்கக் கூடாது. அப்படியே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய்ப் புதிதாக அரைப் புஷ் எட்டு வாங்கினேன், பக்கத்துக்கு நான்கு. இரண்டு அரை சேர்ந்தால்தான் ஒரு புஷ். கடைக்காரர் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கிலும் காட்டினார். அது நெடுநாள் உழைக்கும், ஆனால் கிரீஸ் வறண்டால் அதுவே கத்தும். எனக்கு வேண்டியது சத்தம் இல்லாத வண்டி, ரப்பரே எடுத்தேன். வாங்கும் முன் ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்தேன், அலமாரியிலேயே கிழடாகிப்போன ரப்பர் வளைத்தால் மெல்லிய வெடிப்பு காட்டும். கூடவே புது நட்டு, ஒரு சின்ன டப்பா கிராஃபைட் கிரீஸ்.

அக்டோபர் 6, ஞாயிறு

முதலில் பட்டைகள். ஆக்சில் தொங்குவதால் பட்டை நுனிகள் தாமே சற்று விலகி நின்றன. பெரிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, ஒடிந்த ஹாக்சா பிளேடில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்தேன். செந்தூள் கொட்டியது. மேல் பட்டையில் நுனி தேய்த்துத் தேய்த்து நகம் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம். அந்த விளிம்பை அரத்தால் லேசாக மழுக்கி, கிராஃபைட் கிரீஸை அதே பிளேடால் மெல்லிசாகத் தடவினேன். புஷ் வரும் இடத்தைப் பாலிதீன் பையால் மூடிவைத்திருந்தேன்.

பின்களை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தேன். துருவின் சொரசொரப்பு மிச்சம் இருந்தால் புது ரப்பரையும் தின்றுவிடும். புஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து உள்ளே தள்ளினேன். மாட்டும் நேரத்துக்கு வழுக்கும், பிறகு காய்ந்து பிடித்துக்கொள்ளும். நட்டுகளைக் கையால் திருகியதோடு விட்டேன். முன்கண் போல்ட்டையும் இரண்டு பக்கமும் தளர்த்திவைத்தேன், அதுவும் அந்தரத்தில் இறுக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

சக்கரம் மாட்டி இறக்கி, பின்சக்கரங்களை இரண்டு தடித்த பலகைமேல் ஏற்றினேன், அடியில் கை நுழைய இடம் வேண்டுமே. அப்பாவும் மாமாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். பையன் இருபது முறை அமுக்கிவிட்டான். ஸ்பிரிங் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு நட்டாக இறுக்கினேன். சாக்கிள், முன்கண், கடைசியில் யூ போல்ட் நட்டுகளைக் குறுக்குக்குறுக்காக ஒரு சுற்று சரிபார்த்தேன். மேலே இருவரும் 1995-இல் பெட்ரோல் என்ன விலை விற்றது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

தெருமுனை வரை போய்த் திரும்பினேன். சத்தம் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து ஏற்றி இறக்கினோம். ஸ்பேனர் பெட்டியையும் பூஜையில் வைத்தேன். மாமாவுக்கு முதல் பொரி.

அக்டோபர் 16, புதன்

இரண்டு நாளாக மழை. வண்டியை எடுக்கவில்லை, எடுத்திருந்தாலும் நனைந்த ஸ்பிரிங் எதையும் சொல்லப்போவதில்லை. சத்தம் போய்விட்டது என்று இன்னும் எழுதமாட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த பிறகு இன்று காலை அப்பாவோடு செங்கல்பட்டு வரை. போகவர எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேண்டுமென்றே ஜிஎஸ்டி சாலையை (திருச்சி நெடுஞ்சாலை) விட்டு ஊர்ச்சாலைகளில் இறங்கினேன். கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, ரேடியோவை அணைத்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கினேன். கேட்டது டயர் சத்தமும் டிக்கியில் ஜாக்கி ஆடும் சத்தமும்தான்.

வீட்டுக்கு வந்ததும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி பார்த்தேன். பட்டைகள் படிந்ததில் வலது பக்கத்தில் பின்னால் உள்ள நட்டு மட்டும் கால் சுற்று வாங்கியது. சாக்கிள் நட்டு எதுவும் நகரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், புஷ் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிதுங்கி நிற்கிறது, முறுக்கு இல்லை.

அப்பா இறங்காமல் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "கேம்ப் ரோடு ஸ்பீட் பிரேக்கர் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். தாண்டி அரைமணி நேரம் ஆகிவிட்டது என்றேன்.