கேட்க ஆள் இல்லாத நேரம்

புது நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலையே இரவு ஷிப்ட்தான். சிஎன்சி மில்லிங்கில், அதாவது கணினி இயக்கும் மெஷினில் உலோகத்தைச் செதுக்கும் வேலையில், 11 ஆண்டு கை பழகியவன். மெஷின் எங்கே போனாலும் மெஷின்தான் என்று நம்பி வந்தேன். செய்ய வேண்டிய பாகத்தின் வரைபடமான ட்ராயிங் அப்படி இல்லை.

பாகத்தின் தோற்றங்களை ட்ராயிங்கில் எங்கெங்கே வரைவது என்பதற்கு இரண்டு முறை உண்டு. நான் படித்தது முதல் கோண முறை. அதில் மேல்தோற்றத்தை முகப்புக்குக் கீழே வரைவார்கள், இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கம் வரும். இங்கே மூன்றாம் கோணம்: மேல் மேலே, இடது இடதில். ட்ராயிங்கின் மூலையில் இருக்கும் சின்னக் கூம்பு அடையாளத்தைப் பார்த்தாலே எந்த முறை என்று தெரிந்துவிடும். இரண்டாவது வாரம், விடியற்காலை மூன்று மணிக்கு, அதைப் பார்க்காமல் விட்டேன். ஆறு ஜாப்பில், அதாவது செய்துகொண்டிருந்த ஆறு பாகங்களில், துளை எதிர்ப்பக்கம் விழுந்தது. ஆறும் ஸ்கிராப்.

பகலில் என்றால் முதல் ஜாப்பை இன்ஸ்பெக்டரிடம் காட்டியிருப்பேன். இரவில் அந்த மேசை காலி. எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் வீட்டில் தூங்குகிற சூப்பர்வைசரைப் போனில் எழுப்பிக் கேட்டால், வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். காலையில் சூப்பர்வைசர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏன் போன் செய்யவில்லை?" அந்தக் கேள்வி என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. அப்புறம் தயங்கியதில்லை, எந்த நேரமானாலும் கூப்பிட்டுவிடுவேன்.

அளவும் அங்குலத்தில்தான். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு 'தௌ'. தூக்கக் கலக்கத்தில் மனக்கணக்காக மாற்றுவது ஆபத்து. மாற்றுவதையே நிறுத்தி, தௌவிலேயே யோசிக்கப் பழகினேன்.

சூடும் ஏமாற்றும். ட்ராயிங்கில் தரும் அளவெல்லாம் ஜாப் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதுதான் பொருந்தும். 300 மி.மீ. அலுமினியம் ஜாப்பை 35 டிகிரியில் அளந்தால் சுமார் 0.1 மி.மீ., அதாவது நாலு தௌ, கூடுதலாகக் காட்டும். அவசரப்பட்டு ஆஃப்செட்டை, அதாவது வெட்டும் அளவைச் சரிசெய்ய மெஷினில் கொடுக்கும் எண்ணை, மாற்றினால், ஆறியதும் ஜாப் சிறுத்துப்போகும்.

இரவு இரண்டு மணிக்கு வரும் இடைவேளையில் அம்மாவுக்குப் போன் செய்வேன். அங்கே பகல். "இன்னும் தூங்கலையாப்பா?" என்றுதான் தினமும் தொடங்குவார்.

ஷிப்ட் மாறும்போது எழுதும் நோட்டில், மற்றவர்கள் எழுதுவது ஒரே வரி. நான் அரைப் பக்கம் எழுதுவேன். ஒருநாள், மெஷின் ஆறிக் கிடந்து ஓட்டும்போது முதல் சில ஜாப்பில் ஆழம் ஒன்றுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகிறது, சும்மா ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகு ஆஃப்செட் வைத்திருக்கிறேன் என்று எழுதிவைத்தேன். மறுநாள் இரவு வந்து பார்த்தால், பகல் ஷிப்ட்காரர் அதன் கீழே எழுதியிருந்தார்: "சரியாக இருக்கிறது. நான் தொடவில்லை."