சிங்கப்பூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை: எங்கள் வீட்டுச் சாமான் வந்த கதை

2023 ஆகஸ்ட் 3, ராத்திரி பத்து மணி இருக்கும். பெங்களூர் ராமமூர்த்தி நகரில் பிடித்த வாடகை வீட்டில் அப்போது ஒரு நாற்காலிகூட இல்லை. தரையில் பாயை விரித்து, என் பாஸ்போர்ட்டையும் என் கணவர் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பையனுடைய கணக்கு நோட்டில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு வருஷக் குடித்தனம் மொத்தமும் ஒரு இருபது அடி கண்டெய்னருக்குள் வங்கக் கடலில் வந்துகொண்டிருந்தது.

எண்ணச் சொன்னது, சுங்கத்திலிருந்து சாமானை விடுவித்துக் கொடுக்க இங்கே நாங்கள் பிடித்திருந்த கிளியரிங் ஏஜென்ட். அவர் ஆபீசில் வேலை பார்த்த தம்பி ஓசூர்க்காரர். சாயங்காலம் போன் பண்ணி, "அக்கா, கடைசி ரெண்டு வருஷத்துல நீங்க இந்தியாவுல மொத்தம் எத்தனை நாள் இருந்தீங்க?" என்று கேட்டார். இது என்ன கேள்வி, லீவுக்கு வந்து போனதுதானே என்று நினைத்தேன். எண்ணி முடித்தபோது 197 வந்தது. மறுபடி எண்ணினேன். அப்போதும் 197.

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று 2021 டிசம்பரில் வந்து இரண்டரை மாதம் தங்கினேன். அடுத்த வருஷம் அம்மா தனியாகச் சமாளிக்க முடியாமல் போனபோது மறுபடி இரண்டரை மாதம். 2023 மார்ச்சில் வீடு பார்க்கவும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கவும் நாற்பது நாள். வெளிநாட்டிலிருந்து குடி மாறி வருகிறவர்களுக்கான சுங்கச் சலுகையில், அதாவது எல்லாரும் டி.ஆர். (டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்) என்று சொல்கிறார்களே, அதில் அப்போதைய விதிப்படி முழுச் சலுகை வேண்டுமென்றால் வந்து சேரும் நாளுக்கு முந்தைய இரண்டு வருஷமும் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். இடையில் இந்தியாவுக்கு வந்து போன நாட்கள் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் இதே சலுகையை வாங்கியிருக்கவும் கூடாது. நாங்கள் வந்தபோது நடப்பில் இருந்தது, பயணிகளின் சாமானுக்கான 2016ஆம் வருஷத்து பேக்கேஜ் விதிகள். அதன்படி இந்த மூன்றும் சரியாக இருந்தால் 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரை வீட்டுச் சாமானுக்கு வரி இல்லை என்றிருந்தது. விதி, தொகையெல்லாம் அவ்வப்போது மாற்றுவார்கள், நீங்கள் வரும்போது என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் போனாலும் விசேஷக் காரணம் இருந்தால் கமிஷனர் மன்னிக்கலாம் என்று அந்த விதியிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி காகிதங்கள் என்னிடம் இருந்தன. ஆனால் தம்பி சொன்னது நியாயமாகப் பட்டது. "மனு போட்டு ஆர்டர் வர்ற வரைக்கும் கண்டெய்னர் நின்னுட்டே இருக்கும் அக்கா. வாடகை ஓடும். சார் பேர்ல எடுத்துடலாமே?"

என் கணவர் கணக்கு 41 நாள்தான். அவர் பேரில் கேட்டால் ஒரு சிக்கலும் இல்லை. அதைவிட முக்கியமாக இன்னொரு தேதி இருந்தது. அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. அப்போதைய விதிப்படி கூடவே வராத சாமான், ஆள் இந்தியா வந்து ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். ஆளுக்கு முன்னாலேயே சாமான் வந்தால், இரண்டு மாதம் வரை முந்தி வரலாம். பள்ளிக்கூடம் திறக்கிறதே என்று நானும் பிள்ளைகளும் ஜூன் 12 அன்றே வந்துவிட்டோம். அவர் இருந்து வீட்டைக் காலி பண்ணி, சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஜூலை 30 அன்று வந்தார். கப்பல் ஆகஸ்ட் 1 அன்று புறப்பட்டது. ஆக, என் பேரில் கேட்டிருந்தால் நாள் கணக்கிலும் அடி, கப்பல் கணக்கிலும் அடி.

சரி, அவர் பேரிலேயே எடுத்துவிடலாம் என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் கப்பல் ரசீதைத் திறந்து பார்த்தால் அதில் சரக்கு பெறுபவர் என்ற இடத்தில் என் பேர்! சாமானைக் கட்டி அனுப்பும் மூன்று கம்பெனியிடம் விலை விசாரித்து, மெயில் அனுப்பி, பேரம் பேசியது நான். அந்த மெயிலில் இருந்த பேரை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். வரைவு ரசீதை அவர்கள் அனுப்பியபோது நானும்தான் பார்த்தேன். முகவரியில் பின்கோடு சரியா என்று பார்த்தேனே தவிர, பேர் யாருடையது என்று தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மெயில் போட்டேன். திங்கள் வரை பதில் இல்லை. செவ்வாய் அன்று கடிதம் கேட்டார்கள். புதன் ஆகஸ்ட் 9, சிங்கப்பூர் தேசிய தினம், விடுமுறை. அவர்கள் திருத்திக் கொடுப்பதற்குள் கப்பலின் சரக்குப் பட்டியல் இங்கே சுங்கத்தில் பதிவாகிவிட்டது. பதிவாகும் முன்னால் என்றால் கப்பல் கம்பெனியோடு போகிற வேலை. பதிவான பிறகு சுங்கத்திடமே கட்டணம் கட்டித் திருத்தம் கேட்க வேண்டும். நடுவில் நம் ஆகஸ்ட் 15 வேறு வந்தது. இந்தப் பத்து நாள் தாமதத்தில் கண்டெய்னர் நின்ற இடத்துக்கு நாங்கள் கட்டிய தரை வாடகை, பிறகு கட்டிய வரியைவிட அதிகம். யாரையும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, வரைவில் ஒரு வரியை ஒழுங்காகப் படிக்காததற்கான விலை அது.

பெட்டிக்குள் என்ன வைக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதில் நாங்கள் ஓரளவு சுதாரித்திருந்தோம். டிவிக்கு எப்படியும் வரி உண்டு என்பதால் அங்கேயே விற்றுவிட்டோம். வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், 300 லிட்டருக்குள் இருக்கும் ஃபிரிட்ஜ் இதெல்லாம் அப்போது குடும்பத்துக்கு ஒன்று வரியில்லாமல் வரலாம் என்றிருந்தது. எங்கள் ஃபிரிட்ஜ் 380 லிட்டர். அதற்கும் பாத்திரம் கழுவும் மெஷினுக்கும் அப்போது சலுகை வரி 15 சதவீதம், அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சர்சார்ஜ். கட்டிவிடலாம், புதிதாக வாங்குவதைவிட லாபம் என்று கொண்டுவந்தோம். சிங்கப்பூரிலும் இங்கேயும் ஒரே 230 வோல்ட் என்பதால் இந்தக் கணக்கு சரிப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் 120 வோல்ட் மெஷினைக் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். லேப்டாப்பைப் பெட்டியில் போடவே இல்லை. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் ஆளுக்கு ஒன்று கையில் கொண்டுவரலாம்.

பையனுடைய ட்ரோன் நண்பனுக்குப் போயிற்று. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்துவிட்டார்கள், பொம்மை மாதிரி இருந்தாலும் வம்பு. பால்கனி கறிவேப்பிலைச் செடியை எதிர்வீட்டு மலாய் அம்மாவிடம் கொடுத்தேன். செடி, விதை எல்லாம் தனி அனுமதிச் சமாச்சாரம்.

மனசு கஷ்டப்பட்டது வெள்ளிக்குத்தான். மாமியார் கொடுத்த குத்துவிளக்கு, வரலட்சுமி நோன்புக்கு வைக்கும் அம்மன் முகம், இரண்டும் வெள்ளி. ஆபரணமாக இல்லாத தங்கமும் வெள்ளியும் சலுகையில் வராது. 2015இல் இங்கிருந்து எடுத்துப் போனபோதே ஏர்போர்ட் சுங்கத்தில் ஒரு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கியிருந்தால், நம்முடையதுதான் திரும்பி வருகிறது என்று காட்டியிருக்கலாம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அந்த ஞானமெல்லாம் எங்கே? நாத்தனார் சிங்கப்பூரிலேயே இருக்கிறார், அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை பரிசோதனை. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய கண்டெய்னர் ரயிலில் ஒயிட்ஃபீல்டு உள்நாட்டுக் கண்டெய்னர் கிடங்குக்கு வந்திருந்தது. பெங்களூருக்குக் கடல் கிடையாது, நமக்குத் துறைமுகம் அதுதான். அப்போது மெட்ரோ கே.ஆர்.புரத்துக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவில் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏறிக் கடுகோடியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். என் கணவர் புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, லீவு கேட்கக் கூச்சப்பட்டார். ஆனால் சலுகை கேட்பவர் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்தே ஆக வேண்டும்.

பாஸ்போர்ட்டை அதிகாரி நிதானமாகப் புரட்டினார். அதில் சிங்கப்பூர் முத்திரை ஒன்றுகூட இல்லை, அங்கே தானியங்கிக் கதவு வழியாகவே போய் வந்தவர். எல்லாம் நம் ஊர்க் குடியேற்ற முத்திரைதான், அதிலும் ஒன்று மை பரவி மாதம் தெரியவில்லை. நல்லவேளை, வேலை அனுமதி ரத்தான கடிதம், எட்டு வருஷ வருமான வரிக் காகிதம், பழைய விமான டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தேன். டிக்கெட்டைக் காட்டியதும் மாதம் தெளிந்தது.

அப்புறம் சீல் எண்ணைச் சரிபார்த்து, போல்ட்டை வெட்டிக் கதவைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து எங்கள் பழைய வீட்டு வாசனை குப்பென்று வந்தது. 112 பெட்டி. அதிகாரி பட்டியலைப் பார்த்து மூன்று எண் சொன்னார்: 17, 42, 88. பதினேழில் புத்தகம். எண்பத்தெட்டில் போர்வை. நாற்பத்திரண்டுக்கு நேரே பட்டியலில் 'சமையலறை, இதர' என்று மட்டும் இருந்தது. கட்டிய ஆட்கள் பாதிப் பெட்டிக்கு இப்படித்தான் 'இதர' என்று எழுதித் தள்ளியிருந்தார்கள். இதர என்றால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? மின்சாரப் பொருளுக்கெல்லாம் கம்பெனி, மாடல், வாங்கிய வருஷம், விலை என்று நான் தனியாக ஒரு தாள் போட்டிருந்தேன். அது இல்லையென்றால் எல்லாப் பெட்டியையும் பிரிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று தம்பி பின்னால் சொன்னார்.

நாற்பத்திரண்டைப் பிரித்தால் மேலே இட்லித் தட்டு, நடுவில் பித்தளை அடுக்கு, அடியில் பழைய புடவையில் சுற்றிய கிரைண்டர். அதிகாரி கன்னடக்காரர். புடவையை விலக்கி, அடியிலிருந்த கோயம்புத்தூர் ஸ்டிக்கரைப் படித்தார். "இது இங்கேயிருந்து போனதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஆமாம் சார், போய் எட்டு வருஷம் மாவாட்டிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது" என்றேன். முதல் தடவையாகச் சிரித்தார். அதற்கு மேல் பெட்டி எதையும் பிரிக்கச் சொல்லவில்லை.

ஃபிரிட்ஜை 30,000 என்றும் பாத்திரம் கழுவும் மெஷினை 20,000 என்றும் மதிப்புப் போட்டார். 15 சதவீதம் 7,500, சர்சார்ஜ் 750, மொத்தம் 8,250 ரூபாய். கட்டி, ரசீது வாங்கி, வெளியே வரும்போது மணி நாலு. ஏஜென்ட் கட்டணம், லாரி, ஏற்றி இறக்குகிற கூலி எல்லாம் தனி. கூலி ஆட்கள் தர்மபுரிப் பக்கத்துக்காரர்கள். பீரோவை மாடிப்படியில் திருப்பத் தெரிந்தவர்கள், ஒரு கீறல் இல்லை.

வியாழக்கிழமை ராத்திரிதான் சாமான் வீடு வந்தது. மறுநாள் ஆகஸ்ட் 25, வரலட்சுமி நோன்பு. கலசச் சொம்பு 61ஆம் பெட்டியில் என்று என் தாளில் இருந்ததால் உடனே எடுத்துவிட்டேன். முகம்தான் கடல் தாண்டி நாத்தனார் வீட்டில் இருக்கிறதே. விடிகாலையில் ஒரு தேங்காயை உரித்து, மஞ்சள் பூசி, மையாலும் குங்குமத்தாலும் நானே முகம் வரைந்தேன். ஒரு கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பெண் பார்த்துவிட்டு, "பாட்டி மாதிரியே இருக்கும்மா" என்றாள்.