கற்றுக்கொடுக்கும் கைகளின் முன்கதை

சமையல் பள்ளியில் சேர விரும்பும் நண்பர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் கட்டணம், படிப்புக் காலம், சான்றிதழ் ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். வகுப்பில் எத்தனை அடுப்புகள் உள்ளன, குளிர்சாதன வசதி உண்டா என்றுகூடச் சிலர் விசாரித்திருக்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர்கள் ஆசிரியர்களாவதற்கு முன் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை. சென்னையில் நான் மாலை வகுப்புகளில் படித்த பள்ளியை இப்போது எண்ணிப் பார்க்கையில், அங்கே கற்றவற்றுள் என் கையில் தங்கியவை யாவும் அந்த ஆசிரியர்களின் முந்தைய வாழ்க்கையிலிருந்து வந்தவை என்பது தெளிவாகத் தெரிகிறது. பாடத்திட்டம் எல்லாப் பள்ளிகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அதை நடத்துபவர் எந்த அடுப்பின் முன் நின்று வளர்ந்தவர் என்பதைப் பொறுத்தே பாடம் மாறுகிறது.

எங்கள் தலைமை ஆசிரியரை எல்லோரும் செஃப் என்றே அழைப்போம். தரமணியிலுள்ள மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மைக் கல்லூரியில் படித்து, நட்சத்திர ஓட்டல்களிலும் பயணிகள் கப்பல்களிலும் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர். 1963-இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரியின் முழுப் பெயரில் ஓட்டல் மேலாண்மையோடு ஊட்டச்சத்தும் சேர்ந்தே இருக்கிறது. நாட்டில் உணவுப் பற்றாக்குறை நிலவிய காலத்தில் உணவுத் துறையின் கீழ் உருவான நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. 1982-இல்தான் இத்தகைய நிறுவனங்கள் சுற்றுலாத் துறையின் பொறுப்புக்கு மாறின. செஃப் அந்த மாற்றத்துக்குப் பிறகு படித்தவர் என்றாலும், அவருக்குக் கற்பித்தவர்கள் முந்தைய தலைமுறையினர். பீர்க்கங்காய்த் தோலைத் துவையலுக்கும், கோழி எலும்பை ஸ்டாக் என்னும் எலும்புச் சாறு காய்ச்சுவதற்கும் எடுத்து வைக்காமல் எவரும் மேசையை விட்டு நகரக் கூடாது என்று அவர் வற்புறுத்தியதில் அந்தப் பழைய ஆசிரியர்களின் குரலும் கலந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அவருடைய ஆர்வம் முழுவதும் தராசின் மீது இருந்தது. ஒரு கைப்பிடி, ஒரு சிட்டிகை, ஒரு கரண்டி என்று யாராவது சொன்னால் உடனே அதை எடை போட்டுக் குறித்துக்கொள்வார். ஐம்பது பேருக்குச் செய்த சாம்பாரை ஐந்நூறு பேருக்குச் செய்யும்போது உப்பும் புளியும் பிசகாமல் இருக்க வேண்டுமானால் எண்கள் வேண்டும் என்பது கப்பல் சமையலறையில் அவர் கற்ற பாடம். அடுப்பைப் பற்றவைக்கும் முன் எல்லாப் பொருள்களையும் நறுக்கி, அளந்து, வரிசையாக வைக்கும் பழக்கத்தை அவர் எங்களுக்கு ஊட்டிய விதத்தில் கண்டிப்பும் கனிவும் சம அளவில் இருந்தன.

அந்தச் செஃப் மாணவரைப்போல உட்கார்ந்து குறிப்பெடுத்தது ஒரே ஒருவரின் வகுப்பில்தான். அவர் எங்கள் இனிப்பு மாஸ்டர். தென்பாண்டிச் சீமையிலிருந்து சிறு வயதிலேயே சென்னைக்கு வந்து, மிட்டாய்க் கடைகளின் பின்கட்டில் வாணலி துலக்கத் தொடங்கியவர். துலக்கியவர் பிறகு சரக்கு எடுத்துக் கொடுப்பவரானார். அதன் பிறகு துடுப்பு பிடிக்க அனுமதி கிடைத்தது. பாகு பார்க்கும் பொறுப்பு கடைசியாகத்தான் வந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவருக்குப் பாடம் நடத்துவதில் இருந்த பொறுமையை நான் வேறு எங்கும் கண்டதில்லை. விரல்களைத் தண்ணீரில் நனைத்து, கொதிக்கும் பாகில் ஒரு சொட்டு எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இழுத்துக் காட்டி, ஒவ்வொரு மாணவரும் அதைச் சரியாகச் சொல்லும் வரை அடுத்த படிக்குப் போக மாட்டார். மைசூர்பாகுக்கு ஒற்றைக் கம்பி, அதிரசத்துக்கு உருட்டுப் பதம், கடலை உருண்டைக்கு உருட்டித் தட்டில் போட்டால் ணங்கென்று ஒலிக்கும் முற்றிய பதம் என்று வேறுபாடுகளை அவர் கண்ணாலும் விரலாலும் காதாலும் கற்றுத் தந்தார்.

ஒரு நாள் செஃப் சர்க்கரை வெப்பமானியைக் கொண்டுவந்து மாஸ்டரின் வாணலியில் பொருத்தினார். மாஸ்டரைச் சோதிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. அந்த விரல்கள் அறிந்ததை எண்ணாக எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசைதான். உருண்டையாகத் திரளும் மென்பதத்துக்குப் பாடநூல்கள் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை என்று குறிக்கின்றன. சர்க்கரைப் பாகில் மாஸ்டர் 'போதும்' என்று சொன்னபோதெல்லாம் முள் அந்த எல்லைக்குள்ளேயே நின்றது. வெல்லப் பாகுக்கு மாறியதும் கணக்கு கலைந்தது. ஒரு மண்டி வெல்லம் ஒரு வெப்பநிலையிலும் இன்னொரு மண்டி வெல்லம் வேறொரு வெப்பநிலையிலும் பதத்துக்கு வந்தன. வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், தாது உப்புகள் ஆகியனவும் கலந்திருப்பதாலும், அவற்றின் அளவு காய்ச்சுகிற இடத்துக்கு இடம் மாறுவதாலும் ஒரே எண்ணை எல்லா வெல்லத்துக்கும் பொருத்த முடியாது என்பதைச் செஃப் அன்றே எங்களுக்கு விளக்கினார். அதிரசத்துக்கு விரலை நம்ப வேண்டும் என்று தம் குறிப்பேட்டில் அவரே எழுதிக்கொண்டார்.

மாஸ்டரிடமிருந்து கிடைத்த இன்னொரு செய்தி சென்னைக்காரர்களுக்கு மிகவும் பயன்படும். தீபாவளி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே வருகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் நாளில் சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், உருண்டைகளுக்கும் மிட்டாய்களுக்கும் பாகை வழக்கத்தைவிடச் சற்றே கூடுதலாகக் காய்ச்ச வேண்டும். ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிட வேண்டும். மழைநாளில் கடலை உருண்டை பிசுபிசுத்துப் போவதற்கு இதுவே காரணம். இந்தச் செய்தி எந்தக் குறிப்பேட்டிலிருந்தும் அவருக்குக் கிடைக்கவில்லை. பண்டிகைக்கு முந்தைய இரவுகளில் கடையின் பின்கட்டில் விழித்திருந்து அவர் சேர்த்த அறிவு அது.

மீன் வகுப்பை நடத்திய அம்மாவின் கதை வேறு. காசிமேட்டில் மீன் விற்ற குடும்பத்தில் பிறந்தவர். விடியலுக்கு முன் ஏலத்துக்குப் போய்க் கூடையை நிரப்பிக்கொண்டு தெருத் தெருவாக விற்றவர். அவருடைய வகுப்பின் பெரும்பகுதி அடுப்புக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். செவுளைத் தூக்கிப் பார்ப்பது, கண் தெளிவாகவும் சற்றுப் புடைத்தும் இருக்கிறதா என்று கவனிப்பது, வயிற்றுப் பக்கத்தை அழுத்திவிட்டு விரலை எடுத்ததும் சதை மீண்டும் எழும்புகிறதா என்று பார்ப்பது, பிறகு அரிவாள்மனையில் உட்கார்ந்து செதில் நீக்குவது, கல் உப்புப் போட்டு மண்சட்டியில் உரசி அலசுவது என்று அவர் ஒவ்வொன்றாகச் செய்யவைத்தார். "வாங்கத் தெரியாதவங்களுக்குக் குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்து என்ன கண்ணு பிரயோஜனம்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அவருக்கு விருப்பமான மீன்கள் விலை உயர்ந்தவை அல்ல. வஞ்சிரத்தைத் தவிர வேறொன்றும் அறியாமல் வருகிற மாணவர்களுக்கு காரப்பொடியையும் கானாங்கெளுத்தியையும் நெத்திலியையும் அறிமுகப்படுத்துவதை அவர் ஒரு கடமையாகவே எடுத்துக்கொண்டிருந்தார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசு விதித்துள்ள தடை அது. அந்த வாரங்களில் சிறு படகுகள் கொண்டுவருவதை வைத்தே அவர் வகுப்பு நடத்தினார்; அதுவும் போதாத நாள்களில் கருவாடு பற்றிய பாடம் நடந்தது. பெரிய மீனே வேண்டும் என்று கேட்ட ஒரு மாணவரிடம் கடலுக்கும் ஓய்வு வேண்டும் என்று பரிவோடு எடுத்துச் சொன்னார். எங்கள் பாடத்திட்டத்தில் சூழலியல் என்ற தலைப்பே இல்லை. ஆனாலும் அதை நாங்கள் அந்த அம்மாவிடம் கற்றோம்.

அவருக்கு மிக நெருங்கிய தோழி, மனையியல் பட்டம் பெற்று மருத்துவமனை ஒன்றின் உணவுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற மேடம். நோயாளிகளுக்குச் சமைத்த அனுபவம் அவரை உணவுப் பாதுகாப்பில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காதவராக ஆக்கியிருந்தது. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில் நெடுநேரம் இருக்கக் கூடாது என்பதை அவர் திரும்பத் திரும்ப நினைவூட்டுவார். கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களைப் பனிக்கட்டியில்லாமல் வைத்திருந்தால் பாக்டீரியாக்கள் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. மேடம் இதை விளக்கியபோது மீன்கார அம்மா தலையசைத்து, வெயிலில் கிடந்த கானாங்கெளுத்தியைத் தின்றால் உடம்பில் தடிப்பு வரும் என்று தம் பாட்டி சொன்னதை எங்களிடம் பகிர்ந்துகொண்டார். ஒரே உண்மைக்கு இருவரும் இரு வழிகளில் வந்து சேர்ந்திருந்தார்கள். அந்த வகுப்பில் இருந்ததை என் நல்லூழ் என்றே கருதுகிறேன்.

மேடத்தின் தனிப்பட்ட ஈடுபாடு இட்லி மாவு. உளுந்தின் வழுவழுப்புத்தன்மை வாயுவைப் பிடித்துவைக்கிறது. லியூகோனாஸ்டாக் என்னும் பாக்டீரியா அந்த வாயுவை உண்டாக்குகிறது. அரைக்கும்போது மாவு சூடேறினால் இரண்டும் கெடும். ஆகவே மிக்ஸியில் அரைப்பவர்கள் குளிர்ந்த நீர் சேர்க்க வேண்டும் என்பார். அக்கினி நட்சத்திரத்தில் மாவு எத்தனை விரைவில் பொங்குகிறது, மார்கழியில் எவ்வளவு தாமதமாகிறது என்று ஆண்டு முழுவதும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ரொட்டி வகுப்பெடுக்க வந்த இளம் ஆசிரியை, தம் புளிப்பு மாவை சென்னை வெயிலில் கட்டுக்குள் வைக்க வழி தெரியாமல் திணறியபோது அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்கினார்.

இவர்கள் அனைவரையும் பற்றி இவ்வளவு மகிழ்ச்சியோடு எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்தப் பள்ளியின் விளம்பரத் தாளில் செஃப், மேடம், ரொட்டி ஆசிரியை ஆகியோரின் படங்களும் பட்டங்களும் அச்சாகியிருந்தன. மாஸ்டரும் மீன்கார அம்மாவும் 'செய்முறை உதவியாளர்கள்' என்று பெயரின்றிக் குறிக்கப்பட்டிருந்தார்கள். சம்பளமும் அதற்கேற்பக் குறைவு என்று பின்னர் அறிந்தோம். பட்டம் பெறுவதற்கு உழைப்பும் செலவும் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. மேடத்தின் அறிவியல் இல்லாமல் அந்தப் பள்ளி முழுமையாகாது. ஆனால் பாகின் பதத்தைப் பட்டதாரிகளுக்கே கற்றுத் தரும் ஒருவரை உதவியாளர் என்று அழைப்பது அநீதி. நிர்வாகத்திடம் இதை முதலில் எழுப்பியவர் செஃப்தான். மாணவர்களாகிய நாங்களும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தோம். அடுத்த தாளில் இருவரின் பெயர்களும் ஆசிரியர் பட்டியலில் இடம்பெற்றன. சம்பளம் ஓரளவு உயர்ந்தது என்றார்கள், சமமாகவில்லை. அது சமமாக வேண்டும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

அதனால், சமையல் பள்ளியில் சேர எண்ணுபவர்கள் கட்டணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் பார்வையாளராக உட்கார அனுமதி கேளுங்கள். கரும்பலகையின் முன் நிற்பவரை மட்டும் கவனிக்காமல், வாணலிக்குப் பக்கத்தில் நிற்பவரிடமும் போய்ப் பேசுங்கள். எந்த ஊர், எந்தக் கடையில் தொழில் பழகினார், எந்தப் பண்டத்தைச் செய்யும்போது அவருக்கு நேரம் போவதே தெரியாது என்று கேளுங்கள். கேட்பவர் உண்மையான அக்கறையோடு கேட்டால், எங்கள் மாஸ்டர் அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பேசத் தொடங்கிவிடுவார். வகுப்பு தாமதமானாலும் செஃப் அதைத் தடுத்ததில்லை.