குமிழ் மரத்துல ஒரு மாருத்

நம்ம நாட்டுலயே செஞ்ச பழைய போர் விமானம் ஹெச்எஃப்-24 மாருத் ஜெட்ட குமிழ் மரத்துல செதுக்கிட்டு இருக்கேன், 1/72 அளவு, நிஜ விமானம் 15.87 மீட்டர் நீளம்னா நம்மளது 22 செ.மீ. மேலருந்து பாக்குற படத்தையும் சைடு படத்தையும் கட்டைல ஒட்டி அறுத்தாச்சு, உடம்பு ஈஸி. இறக்கைதான் உயிர எடுக்குது. பின்னாடி சாஞ்ச இறக்கை, மரத்தோட நாரு முன்விளிம்பு போற போக்குலயே போகணும், குறுக்க ஓடுச்சுன்னா உப்புத்தாள் போடும்போதே நுனி படக்குனு போயிடும். அதான் இறக்கைய தனியா அறுத்து ஒட்டுறேன், ஒரே கட்டைலதான் செதுக்கணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு ஒரு கும்பிடு 😄

"ஜெட்ட போயி மரத்துலயா"ன்னு வீட்ல கேலி வேற. ஆனா பாருங்க, ஜெர்மன் விமான டிசைனர் குர்ட் டாங்க் டீம் பெங்களூர் ஹெச்ஏஎல் விமான கம்பெனில இத டிசைன் பண்ணப்ப முதல்ல முழு சைஸ்ல மரத்துலயே எஞ்சின் இல்லாத ஒரு கிளைடர் செஞ்சு, டகோட்டா விமானத்த விட்டு மேல இழுத்துட்டு போயி 1959ல பறக்கவிட்டு பாத்தாங்க. ஜெட் எஞ்சினோட பறந்தது 1961 ஜூன் 17லதான்.

அடுத்து மரத்தோட துளைய அடைக்கிற சீலர் அடிச்சு தேய்க்கணும், இல்லன்னா பெயிண்ட்டுக்கு மேலயும் நாரு கோடு கோடா தெரியும். கலரு சில்வரா, பச்சை-பழுப்பு கேமஃப்ளாஜா? நான் சில்வர் பக்கம்தான், ஆனாலும் சொல்லுங்க