அலமாரி நகர மறுத்ததும், நகர்ந்ததும்

போன வாரம் அலமாரியை இடம் மாற்றலாம் என்று தள்ளினேன், அசையவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் சட்டென்று சறுக்கிப் போய்ச் சுவரில் மோதியது. கூடவே நானும். நிலை உராய்வு (நகராமல் பிடித்து வைப்பது), இயக்க உராய்வு (நழுவும்போது எதிர்ப்பது) என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதெல்லாம் அப்போதுதான் உறைத்தது.

ரொம்ப நாளாக ஒன்றைத் தப்பாகவே நினைத்திருந்தேன். உராய்வுக் குணகத்தை (இரு பரப்புகளும் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதைச் சொல்லும் எண்) செங்குத்து விசையால் (தரை பொருளைத் தாங்கும் விசை) பெருக்கினால் வருவதுதான் உராய்வு விசை என்று. நிலை உராய்வில் அது உச்ச வரம்பு மட்டுமே. அலமாரி 50 கிலோ (செங்குத்து விசை 490 நியூட்டன்), குணகம் 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள், வரம்பு 245 நியூட்டன். நான் 100 நியூட்டன் விசையில் தள்ளினால் தரையும் 100தான் எதிர்க்கும், தள்ளாவிட்டால் பூஜ்யம். எப்போதும் 245 இருக்குமானால், சும்மா நிற்கும் அலமாரி தானாகவே எங்காவது கிளம்பிவிடுமே! வரம்பைத் தாண்டி நழுவத் தொடங்கிவிட்டால் இயக்க உராய்வு. அதன் குணகம் 0.4 என்றால் 196 நியூட்டன்தான். கை இன்னும் பழைய விசையில் அழுத்திக்கொண்டிருக்க எதிர்ப்பு மட்டும் குறைந்துபோனதால்தான் அந்த மோதல்.

உருளும் உராய்வு இதையெல்லாம்விட மிகக் குறைவு. தண்டவாளத்தில் ஓடும் எஃகுச் சக்கரத்துக்குக் குணகம் 0.001, 0.002 அளவில்தான் வரும். கார் டயர் அதிகமாக நசுங்கி நிமிர்வதால் 0.01ஐ ஒட்டி. ஆனால் வழுக்காமல் உருளும் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது, அதாவது காரை முன்னே தள்ளுவதும் பிரேக் போட்டால் நிறுத்துவதும் நிலை உராய்வுதான். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய ஆரம்பித்தால் இயக்க உராய்வுக்கு இறங்கிவிடும், ஸ்டியரிங்கும் கேட்காது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பது அதற்காகத்தான்.

நீர், காற்று தருகிற பாய்ம உராய்வு வேறு ரகம், வேகம் கூடக்கூட அதுவும் கூடும்.

பலர் நம்ப மறுப்பது பரப்பு விஷயத்தை. தொடும் பரப்பு பெரிதோ சிறிதோ, உராய்வு மாறாது என்று 1699இல் பிரெஞ்சு இயற்பியலாளர் அமோந்தோன் சொன்னார். பளபளப்பான பரப்புகள்கூட நுண்ணிய மேடுகளின் நுனியில்தான் ஒன்றையொன்று தொடுகின்றன, அந்த உண்மையான தொடுபரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எடை. (ரப்பர் இதற்கெல்லாம் முழுசாகக் கட்டுப்படாது, அது தனிக் கதை.) எனவே சுவரில் ஒட்டி நின்ற அலமாரியை விலக்க அதைச் சாய்த்துப் படுக்க வைக்கவெல்லாம் முயலவில்லை, புத்தகங்களை இறக்கிவிட்டு இழுத்தேன்.